தணிகை மலையும் கம்பியில்லா ஒலிவாங்கியும்

கைப்பேசி ஒன்று கையிலிருப்பின், ஒருவன் தானே படம் பிடிப்போனும், பதிப்பிப்போனும், ஒலிபரப்புவோனும் ஆகிவிடும் காலம் இது. நம் கலாசாலை மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் யூடியூப் முதலிய தளங்களுக்கெனப் படம் பிடித்து வெளியிடுவோர் பலராயினர். ஊர்ச் சமையலைக் காட்டுவோர் சிலர். கோயிற் சிற்பங்களைக் காட்டுவோர் சிலர். பாடம் நடத்துவோர் சிலர். முதியோரைக் கண்டு பழங்கதை கேட்போர் சிலர். இவர்கள் தம்முட் கூடிப் பேசுங்கால் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. 'எந்த வயர்லெஸ் மைக் வாங்கலாம்?' என்பதே அது. விடையும் பெரும்பாலும் ஒரே வகையினதாயிருக்கக் காண்கின்றோம். 'இஃது இருநூறு மீட்டர் எட்டும்' என்பார் ஒருவர், 'அது நானூறு மீட்டர் எட்டும்' என்பார் மற்றொருவர், நானூறே வென்றுவிடும்.

இஃது ஆராயாது பொருள் கொள்ளும் முறை என்பது எம் துணிபு. எத்துணைத் தூரம் எட்டும் என்பதன்று வினா. எவ்விடத்தில், எவர் குரலை, எதன்பொருட்டுப் பதியப் போகின்றோம் என்பதே வினா. இதற்கு விடை தெரிந்தபின் கருவியின் பெயர் தானே புலப்படும். சில வேளைகளிற் கம்பியில்லாக் கருவியே வேண்டா என்பதும் விடையாகலாம். இதனை வறிதே விதியாகக் கூறாமல், ஓரூரை உரைகல்லாக வைத்துக் காட்ட விரும்புகின்றோம். அவ்வூர் திருத்தணி.

ஏன் திருத்தணி எனின், அங்கே பதியப்பட வேண்டிய குரல்கள் உள. அவை விரைந்து மறைந்துகொண்டும் வருகின்றன. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியில், ஆந்திர எல்லையை அடுத்து நிற்கும் இம்மலையூரின் அண்மைக்கால வரலாறு நம் மாணவரிற் பலர் அறியாதது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் தனியே அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதன்பாற் சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று வடவெல்லைப் போராட்டத்தை நடத்தினர். படாஸ்கர் என்பார் நடுவராயமைந்து கண்ட முடிவின்படி சட்டம் இயற்றப்பட்டு, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அரசாணைகளும் சட்டமன்ற நடவடிக்கைகளும் காகிதத்தில் இருக்கின்றன. அவற்றை எவரும் எப்போதும் படிக்கலாம். ஆனால், பள்ளியில் எம்மொழியிற் பாடம் நடந்தது, கடைப் பலகையில் எவ்வெழுத்து எழுதப்பட்டது, தமிழ் பேசும் வீட்டிலிருந்து தெலுங்கு பேசும் வீட்டுக்குப் பெண் கொடுத்தவர் அந்நாளில் என்ன நினைத்தார் என்பனவெல்லாம் மனிதர் வாயிலன்றி வேறெங்கும் இல்லை. 1953-ல் பதின்மூன்று வயதுச் சிறுவராயிருந்தார்க்கு இன்று எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது.

பெரியோர் குரலை உலகம் தானே காத்துக்கொள்ளும். 1888-ல் திருத்தணியை அடுத்துப் பிறந்து, வேலூர் ஊரிஸ் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் குடியரசுத் தலைவராயிருந்து ஆற்றிய உரைகள் ஒலிப்பதிவாக இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அவரோடு ஒரே தெருவில் விளையாடியவர் குரல் எங்கே? முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் முதற் கீர்த்தனத்தைப் பாடியது இத்தணிகையிலேதான். அவர் 1835-ல் மறைந்தார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877-ல். ஆகவே அவர் குரலை நாம் அறியோம். எனினும் சீடர் வழியாகப் பாட்டு நமக்கு வந்து சேர்ந்தது. ஊர்ப்பேச்சுக்குச் சீடர் இல்லை. கிரியர்ஸன் துரை நடத்திய மொழி ஆராய்ச்சியை ஒட்டி, 1913-க்கும் 1929-க்கும் இடையே, கெட்ட குமாரன் உவமையைப் பல இந்திய மொழிகளிற் பேசச் செய்து இசைத்தட்டுகளிற் பதிந்தனர். ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அத்தட்டுகளை இன்று கேட்பார்க்கு, அந்நாளைய உச்சரிப்பு இவ்வாறிருந்தது என்று செவியால் அறிய முடிகின்றது. அதற்கு அரசாங்கமே முயல வேண்டியிருந்தது. இன்று அதே வேலையை ஒரு மாணவன், தன் சட்டைப்பையில் அடங்கும் கருவியாற் செய்யலாம். செய்யுங்கால், கேட்கத் தக்கதாகச் செய்ய வேண்டுமல்லவா?

படம் மங்கலாயிருப்பினும் பேச்சுத் தெளிவாயிருந்தால் பார்ப்பவர் பொறுப்பர். பேச்சு விளங்காவிடிற் படம் எத்துணை அழகியதாயினும் அரை நிமிடத்திற் கைவிடுவர். இருந்தும் நம் இளைஞர் படக்கருவிக்கு ஐம்பதினாயிரம் செலவிட்டு, ஒலிக்கு மிச்சமுள்ளதைத் தருகின்றனர். இம்முறையைத் தலைகீழாக்க வேண்டும் என்போம்.

ஒலியின் இயல்பு எளியது. வெட்டவெளியில், ஒலி பிறக்குமிடத்திலிருந்து தூரம் இரட்டித்தால் அதன் செறிவு நாலிலொன்றாகக் குறையும். பேசுவோர் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், மார்பிற் குத்திய ஒலிவாங்கிக்கு எட்டும் செறிவு நூறு எனக் கொள்வோமாயின், பத்துச் சாண் தொலைவிற் கையிலேந்திய கைப்பேசிக்கு எட்டுவது ஒன்றே. தெருவிற் செல்லும் பேருந்தின் ஓசையோ இரண்டிடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவினது. எனவே எவ்வளவு விலையுயர்ந்த கருவியாயினும், தொலைவில் வைக்கப்பட்டது வாய்க்கருகே வைக்கப்பட்ட எளிய கருவிக்குத் தோற்கும். ஒலிப்பதிவுக் கலையின் பெரும்பகுதி இவ்வொரு சாணில் அடங்கியுள்ளது.

இதிலிருந்தே எம் முதற் கருத்துப் பிறக்கின்றது. திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து பேசும் முதியவரைப் பதிவதற்குக் கம்பியில்லா ஒலிவாங்கி தேவையில்லை. கம்பியுள்ள காலர் மைக் போதும். போதும் என்பது மட்டுமன்று, அதுவே மேல். போயா நிறுவனத்தாரின் பி.ஒய்.-எம்1 என்பது நம் நாட்டில் எங்கும் கிடைப்பது. ஆறு மீட்டர் நீளக் கம்பியுடையது. பொத்தான் போன்ற சிறு மின்கலமொன்றால் இயங்குவது. விலை ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் அளவினது. கம்பியில் அலைத்தடை இல்லை. இடையே சார்ஜ் குறைந்ததென்ற கவலை இல்லை. பக்கத்து வீட்டு வைஃபை அதனை ஒன்றும் செய்யாது. கம்பி காலில் தடுக்கும், பார்வைக்கு நாகரிகமாயிராது என்பவை உண்மையே. ஆயினும், எண்பத்தைந்து வயதான ஒருவர் ஒரு முறை சொல்லப்போகும் செய்தியைப் பதியச் செல்வோர்க்கு நாகரிகத்தினும் நம்பகமே வேண்டுவது. முதல் ஆயிரம் ரூபாயை இதற்கே செலவிடுக.

அற்றேல், கம்பியில்லாக் கருவி எதற்கு எனின், நடப்பவர்க்கு. திருத்தணி மலைக்கு மோட்டார் வழியும் உண்டு. ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகக் கூறப்படும் 365 படிகளும் உண்டு. சிறுவயது முதல் அப்படிகளில் ஏறிவந்த ஒருவர், ஏறிக்கொண்டே, 'இங்கேதான் மோர்ப்பந்தல் இருந்தது. இங்கேதான் என் தகப்பனார் காவடியை இறக்கிவைப்பார்' என்று சொல்லும் சொல், திண்ணையில் அமர்ந்து நினைத்துச் சொல்லும் சொல்லினும் வேறானது. கால் சென்ற இடத்தில் நினைவும் எழுகின்றது. அங்கே ஆறு மீட்டர்க் கம்பியை இழுத்துக்கொண்டு ஏறுதல் இயலாது.

இங்கேதான் மீட்டர்க் கணக்கின் பொய்ம்மை வெளிப்படும். இன்று இளைஞர் வாங்கும் சிறிய கருவிகளிற் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி இவ்வரிசையிற் குறைந்த வலிமைக் கருவிகளுக்குத் தனி உரிமம் வேண்டுவதில்லை. அதனாலேயே வைஃபையும் புளூடூத்தும் பிறவும் இவ்வொரு வீதியிலேயே நெருங்கிச் செல்கின்றன. ரோட் வயர்லெஸ் கோ 2 இருநூறு மீட்டர், டி.ஜே.ஐ. மைக் 2 இருநூற்றைம்பது மீட்டர், ஹாலிலேண்ட் லார்க் எம்2 முந்நூறு மீட்டர், டி.ஜே.ஐ. மைக் மினி நானூறு மீட்டர் என்று அவற்றைச் செய்தோர் கூறும் எண்களெல்லாம், இடையே தடையொன்றுமில்லாத, வேற்றலைகளும் குறைந்த வெளியில் அளந்தவை. ஆடிக் கிருத்திகையன்று தணிகை அடிவாரத்தில் நின்று பார்ப்பவர்க்கு அத்தகைய வெளி இவ்வுலகில் எங்குளது என்று தேடத் தோன்றும். காவடியோடு இலட்சக்கணக்கானோர் திரளும் அந்நாளில் ஒவ்வொரு மடியிலும் ஒரு கைப்பேசி. ஒவ்வொரு கைப்பேசியும் ஓர் அலைபரப்பி.

கூட்டமில்லாத நாளிலும் ஓரிடர் உண்டு. அது பலருக்குத் தெரியாதது. மனித உடல் பெரும்பாலும் நீராலாயது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்கு விழுங்கும். மார்பில் ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டு ஒருவர் முன்னே படியேற, பெறும் கருவியை ஏந்தியவர் பின்னே தொடர்ந்தால், இருவர்க்குமிடையே முன்னவரின் உடம்பே சுவராக நிற்கின்றது. அறைக்குள் இதே நிலை ஏற்பட்டாற் கெடுதி இல்லை. அலை சுவர்களிற் பட்டுத் திரும்பிப் பின்புறத்தை அடைந்துவிடும். திறந்த மலைப்படியிலோ அலையைத் திருப்பும் சுவரே இல்லை. ஆதலால், வீட்டினுள் முப்பது மீட்டர் நன்றாக இயங்கிய கருவி, படியில் எட்டு மீட்டரிலேயே திக்கித் திக்கிப் பேசக்கூடும். இதற்குப் பரிகாரமாகப் படம் பிடிப்போர் முன்னே சென்று பின்னோக்கியபடியே படியேறுவதுண்டு. அதனை யாம் எவர்க்கும் சிபாரிசு செய்யோம். ஒலிவாங்கியைத் தோள்மீது ஏற்றிக் குத்துதல் உடம்புக்கும் நலம், ஒலிக்கும் நலம்.

ஆகவே, கம்பியில்லாக் கருவி வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டுவது ஒன்றே: பேசுவோர் மார்பிலுள்ள அனுப்புங் கருவி, தான் கேட்டதைத் தன்னுள்ளேயும் பதிந்துவைக்குமா? பதிந்துவைக்குமாயின், அலை அறுந்தாலும் குரல் அறாது. வீடு திரும்பியபின் உள்ளே பதிந்ததை எடுத்துப் படத்தோடு பொருத்திக்கொள்ளலாம். 2021-ல் வந்த ரோட் வயர்லெஸ் கோ 2-க்கு இவ்வாற்றல் உண்டு. 2023-ல் வந்த வயர்லெஸ் ப்ரோவுக்கும், 2024-ல் வந்த டி.ஜே.ஐ. மைக் 2-க்கும் உண்டு. ஹாலிலேண்ட் லார்க் மாக்ஸுக்கும் உண்டு. இப்போது இளைஞர் பெரிதும் விரும்பும் மிகச் சிறிய பொத்தான் வகையிற் சேர்ந்த லார்க் எம்2-க்கும் டி.ஜே.ஐ. மைக் மினிக்கும் இல்லை. அவை ஒன்பது பத்துக் கிராம் எடையே உள்ளவை. சட்டையில் இருப்பது கண்ணுக்கே தெரியாது. நூல் வெளியீட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவோர்க்கு அவை நன்று. மீண்டும் கேட்க முடியாத குரலைத் தேடிச் செல்வோர், முப்பது கிராமளவு எடையைப் பொறுத்துக்கொள்ளலே அறிவுடைமை. நானூறு மீட்டர் எட்டுவதைக் காட்டிலும், தன்னுள்ளே எழுதிக்கொள்வது பெரிது.

இரண்டு அனுப்புங் கருவிகள் உள்ள தொகுதியையே வாங்குக. வினவுவோர் குரல் வேண்டாவென்று பலர் எண்ணுகின்றனர். எல்லைப்புற ஊரில் அது தவறு. பள்ளிப்பட்டுப் பக்கத்து முதியவர் ஒருவர் தமிழிற் கேட்டால் ஒரு விதமாயும், தெலுங்கிற் கேட்டால் வேறொரு விதமாயும் விடையளிப்பார். நடுவில் ஒரு மொழியினின்று மற்றொன்றுக்குத் தாவுவார். எவ்வினா அவரைத் தாவச் செய்தது என்பது பதிவில் இல்லாவிடின், பிற்காலத்தில் ஆராய்வோர்க்கு அப்பேச்சு பாதிப் பேச்சே.

யு.எச்.எஃப். வகைக் கருவிகளைப் பற்றி ஒரு சொல். நாடகமேடைகளிலும் படப்பிடிப்புகளிலும் ஆள்வோர் இவற்றையே நம்புவர். அலை நீளமானதாதலின் உடம்பைச் சுற்றி வருவதில் இவை சிறந்தவை என்பதில் ஐயமில்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய யு.எச்.எஃப். கருவியைக் கண்டு மாணவர் மயங்கலாகாது. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒலிவாங்கிகள் 2010-லும், 600 வரிசையிற் பெரும்பகுதியில் 2020-லும் தடை செய்யப்பட்டன. அவ்வாறு அங்கே பயனற்றுப்போனவை பிற நாடுகளிற் பழம்பொருளாக விற்பனைக்கு வருதல் இயல்பு. நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசை ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிக்கென ஜியோ நிறுவனத்துக்குச் சென்றுவிட்டது. அக்கருவியை வாங்குவோன் பிறன் வயலில் உழுகின்றான். அங்கே பலத்த அலை எழும்போது அவன் பதிவும் அழியும்.

நிற்க. கருவி எதுவாயினும் அதனை எங்கே குத்துவது என்பது வேறொரு கலை. மேனாட்டார் எழுதும் குறிப்புகளில், 'சட்டையின் இரண்டாம் பொத்தானருகே குத்துக' என்றிருக்கும். காவடி எடுப்பவர்க்குச் சட்டை ஏது? அர்ச்சகர்க்கு ஏது? அங்கவஸ்திரத்தின் ஓரத்தில், தோளிலிருந்து ஒரு சாண் கீழே குத்துதலே ஏற்றது. உருத்திராக்க மாலை அணிந்தவராயின் மணி உரசாத பக்கம் பார்க்க வேண்டும். ஒரு மணி ஒலிவாங்கியிற் படும் ஓசை, கேட்பவர் காதில் உரலில் இடிப்பது போல் ஒலிக்கும். பெண்களுக்குத் தாலிச் சங்கிலியும் பட்டுச் சேலையின் சரசரப்பும் அவ்வாறே. முந்தானை அசையும் பக்கத்தை விட்டு, அசையாத பக்கத்தில், அவர்களே தம் கையாற் குத்திக்கொள்ளுமாறு கருவியைக் கொடுத்துவிடுதல் முறை. துணிக்குள் மறைத்தாற் சகர தகரங்களின் கூர்மை மழுங்கும். வெளியே தெரிவதில் வெட்கமொன்றுமில்லை. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகைகளும் உள. இருதயத் துடிப்பைச் சீர்செய்யும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பெற்ற முதியோர் பலராதலின், காந்தத்தை மார்பில் வைக்குமுன் அதுபற்றிக் கேட்டேயாக வேண்டும். ஐயமிருப்பின் கவ்வியே போதும்.

மலையில் எந்நாளும் காற்றுண்டு. ஒலிவாங்கியோடு வரும் உரோமக் குல்லாய் விளையாட்டுப் பொருளன்று. வாயில்லாத காற்று ஒலிவாங்கியின் சவ்வில் மோதும்போது எழும் பொருமலைப் பிறகு எந்த யந்திரத்தாலும் முற்ற நீக்க முடியாது. குல்லாய் எளிதிற் கழன்று விழும். விழுந்தால் 365 படிகளுள் எதில் விழுந்ததென்று தேடுதல் அரிது. இரண்டு மூன்று மிகையாக வைத்திருத்தல் நன்று.

இனி, '32 பிட் ஃப்ளோட்' என்னும் சொல்லை இளைஞர் மந்திரம் போல் உச்சரிக்கின்றனர். அதன் பயன் உண்மையானது. முதியவர் மெல்லப் பேசிக்கொண்டிருக்கையில் திடீரெனப் பம்பை முழங்கினால், சாதாரணப் பதிவில் அலையின் முடி வெட்டுண்டு ஒலி சிதறும். இம்முறையிற் பதிந்தால் எண்ணின் எல்லை மிகப் பரந்ததாதலால் முடி வெட்டுண்ணாது, பின்னர்க் குறைத்துக்கொள்ளலாம். ஆயினும் அதற்கும் வரம்புண்டு. ஒலிவாங்கியின் சவ்வே தாங்கமாட்டாத முழக்கத்தை எண்கள் காப்பாற்றா. மேலும், பல கருவிகளில் உள்ளே பதிவது மட்டுமே 32 பிட். அலைவழி கைப்பேசிக்கு வருவது அதுவன்று. இவ்வாற்றல் இல்லாத கருவியாயின், சிறிது தாழ்த்திய மற்றொரு பதிவையும் உடனெடுக்கும் வசதியைத் திறந்துவைத்தாற் பெரும்பாலும் போதும்.

இரைச்சல் நீக்கும் பொத்தானைப் பற்றியே எமக்குச் சினம் உண்டு. தணிகையிலும் அது தணிவதாயில்லை. இக்கருவிகள், மனிதர் பேச்சு அல்லாத அனைத்தும் குப்பை என்று முடிவு செய்து கழிக்கின்றன. கோயில் மணியும், நாதஸ்வரமும், படியேறுவோர் கோஷமும், தெலுங்கிற் பூ விற்பவள் கூவும் குரலும் அவற்றுக்குக் குப்பையே. கழிக்குங்கால் பேச்சின் ஓரங்களையும் உடன் அரித்துவிடுகின்றன. ழகரமும் ளகரமும் வேறுபடும் நுட்பத்தையே பதியச் சென்றோர் அதனையே இழந்து திரும்புவர். நீக்கவேண்டின் வீட்டுக்கு வந்தபின், மூலப் பதிவை அப்படியே வைத்து, நகலில் நீக்குக. களத்தில் அப்பொத்தானைத் தொடற்க.

இதற்கு ஒரு விலக்கு உண்டு என்பர். அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்களில் விசைத்தறியின் நடுவே நின்று ஒருவரைப் பேசச் சொன்னால் என் செய்வது? அங்கே பொத்தானும் உதவாது. முதலில் ஐந்து நிமிடம் தறியோசையைத் தனியே பதிந்துகொள்க. அவ்வோசையும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதியே. பின்னர், தறியை நிறுத்தச் சொல்லாமல், அவரை வெளியே அழைத்துவந்து பேசச் செய்க. தறி நின்றாற் கூலி நிற்கும் என்பதைப் படம் பிடிப்போர் மறத்தல் கூடாது.

இணைப்பு முனைகளைப் பற்றி நீளப் பேசவேண்டா. 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் அவ்வகைப் போன்களும் டைப்-சி முனைக்கு மாறிவிட்டன. அதற்கு முந்தியவற்றுக்கு லைட்னிங் முனை வேண்டும். படக்கருவிக்குரிய 3.5 மில்லிமீட்டர் முனையில் இரண்டு கறுப்பு வளையங்களும், கைப்பேசிக்குரியதில் மூன்றும் இருக்கும். மாற்றிச் செருகினால் ஒலிவாங்கி வேலை செய்யாமல், கைப்பேசி தன் ஒலிவாங்கியாலேயே சத்தமின்றிப் பதிந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தே உண்மை தெரியும். பதிவு தொடங்குமுன் ஒலிவாங்கியை விரலால் மெல்லச் சுரண்டிக் காதிற் கேட்டுக்கொள்க. கேட்பதற்குரிய முனையில்லாத தொகுதியை வாங்கற்க.

ஆண்டு முடிவில், டிசம்பர் 31-ஆம் தேதி நடக்கும் திருப்படித் திருவிழாவைப் பதிய விரும்புவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்ததாகக் கூறப்படும் அவ்விழாவில், குழுவினர் படிதோறும் நின்று திருப்புகழ் பாடி ஏறுவர். இதற்கு மார்பிற் குத்தும் ஒலிவாங்கி சிறிதும் பொருந்தாது. ஒருவர் மார்பிற் குத்தினால் அவர் குரலொன்றே ஓங்கும். மற்றையோர் அவர்க்குப் பின்பாட்டுக்காரர் ஆகிவிடுவர். கூட்டிசைக்கு இரு செவிபோல் இரண்டு சவ்வுகளுள்ள சிறு ரிகார்டர் ஒன்றைக் குழுவுக்கெதிரே ஏந்தி நிற்றலே முறை. கோயிலின் உட்பகுதியில் எக்கருவியையும் எடுக்கவேண்டா. கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டுள்ளது. உத்தரவு இல்லையெனினும், தம் குறையைத் தெய்வத்திடம் முறையிடுவோர் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நிற்றல் பண்பன்று.

இப்பண்பு பற்றியே மேலும் சிறிது கூறவேண்டும். படக்கருவியை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டினால் அவர் அறிவார். அதனை இறக்கினால் படம் முடிந்ததென்றும் அறிவார். மார்பிலுள்ள பொத்தான் அவ்வாறன்று. படப்பிடிப்பு முடிந்து, காபி அருந்தி, மருமகளைப் பற்றி மனம்விட்டுப் பேசும்போதும் அது கேட்டுக்கொண்டேயிருக்கும். யாம் மேலே பெரிதும் புகழ்ந்த உட்பதிவு ஆற்றலால் அதனைத் தன்னுள் எழுதியும் வைக்கும். எல்லைப் போராட்டக் காலத்துச் செய்திகளில் உயிரோடிருப்போர் பெயர்களும், இன்றும் ஆறாத மனத்தாங்கல்களும் வரும். எனவே பேச்சு முடிந்தவுடன் முதல் வேலையாக, அவர் காண ஒலிவாங்கியைக் கழற்றி நிறுத்திவிடுதல் வேண்டும். வெளியிடுமுன் அவரிடமே போட்டுக் காட்டி, எதை விடலாம் எதை விடலாகாது என்று கேட்டறிதலும் வேண்டும். 'தாத்தா சம்மதித்துவிட்டார்' என்று பேரன் கூறுவது சம்மதமாகாது.

இறுதியாக, கலாசாலை நிர்வாகத்தார்க்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். இருபது மாணவர் இருபது பொத்தான்களைக் கடன்பட்டு வாங்குவதைக் காட்டிலும், கலாசாலை பொதுவில் ஒரு தொகுதியை வாங்கிவைத்தல் சிறந்தது: உட்பதிவு ஆற்றலும் இரண்டு அனுப்புங் கருவிகளுமுள்ள கம்பியில்லாத் தொகுதி ஒன்று, கம்பியுள்ள காலர் மைக் நான்கு, சிறு ரிகார்டர் ஒன்று, உரோமக் குல்லாய் ஒரு பொட்டலம். கம்பியில்லாத் தொகுதியின் உள்ளிருக்கும் மின்கலத்தை நாமே மாற்றவியலாது. சில ஆண்டுகளில் அது தளரும். ஆகவே பூட்டிவைத்துக் காப்பதினும் ஓயாது வழங்குவதே இலாபம். இதனைக் காப்பவர் நூல்நிலையத்தாரே ஆகலாம். திரும்பித் தரும்போது கருவியோடு பதிவின் நகலொன்றையும், பேசியவர் பெயர், ஊர், நாள், அவர் இசைந்த அளவு ஆகியவற்றை எழுதிய தாளொன்றையும் மாணவர் தரவேண்டுமென விதிக்கலாம். தவணை மூன்று நாள் போதும். ஆடிக் கிருத்திகை வாரத்தில் மட்டும் ஒரு நாள். அவ்வாரத்தில் வரிசை நீளும்.